சிறுநீரகம் கொடுப்பவர் ஏன் பெரும்பாலும் வீட்டுப் பெண்ணாகவே இருக்கிறார்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில் ஒருவருக்குச் சிறுநீரகம் செயலிழந்துவிட்டது. டயாலிசிஸ் ஓடிக்கொண்டிருக்கிறது. மாற்று அறுவைதான் நல்ல வழி என்று மருத்துவர் சொல்லிவிட்டார். உடனே எழும் கேள்வி, 'யார் கொடுப்பது?' நம் நாட்டில் அதற்குக் கிடைக்கும் விடை பெரும்பாலும் ஒரு மனைவி, அல்லது ஒரு அம்மா. நோயாளியின் குடும்பத்தாரும், கொடுக்கச் சொல்லிக் கேட்கப்பட்ட பெண்களும், வெளியிலிருந்து பார்ப்பவர்களும் இதைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தர முயன்றிருக்கிறேன்.

உண்மையிலேயே பெண்கள்தான் அதிகம் கொடுக்கிறார்களா, அல்லது அப்படி ஒரு பேச்சா?

பேச்சு இல்லை, கணக்கு. 2023-இல் இந்தியாவில் உயிரோடு இருக்கும்போதே உறுப்பு கொடுத்தவர்கள் சுமார் 15,400 பேர். அவர்களில் பெண்கள் 9,784, ஆண்கள் 5,651. பெரும்பாலானவை சிறுநீரகம், அடுத்தது கல்லீரலின் ஒரு பகுதி.

வாங்கும் பக்கம் போனால் படம் தலைகீழ். 2019 முதல் 2023 வரையிலான ஐந்து ஆண்டுகளில் உயிரோடிருப்பவர்களிடமிருந்து நடந்த சுமார் 56,500 உறுப்பு மாற்றுகளில், கொடுத்த பெண்கள் ஏறத்தாழ 36,000. உறுப்பைப் பெற்ற பெண்களோ 17,000 சொச்சம்தான். மீதி 39,000-க்கும் மேற்பட்டவர்கள் ஆண்கள். கொடுப்பதில் பத்துக்கு ஆறு பேருக்கு மேல் பெண்கள், வாங்குவதில் பத்துக்கு மூன்று பேர் மட்டுமே பெண்கள்.

இது இந்தியாவில் மட்டும் நடப்பதில்லை. அமெரிக்காவிலும் உயிரோடு சிறுநீரகம் கொடுப்பவர்களில் பாதிக்கு மேல் பெண்களே. ஆனால் கொடுப்பதிலும் வாங்குவதிலும் ஒருசேர இவ்வளவு பெரிய இடைவெளி இருப்பதுதான் நம்மைக் கவலைப்பட வைக்க வேண்டிய விஷயம்.

பெண்களுக்கு இயல்பிலேயே இரக்கம் அதிகம். அதனால் கொடுக்கிறார்கள். இதில் என்ன பிரச்சினை?

இந்தக் கேள்விதான் எல்லாவற்றுக்கும் அடி. அதனால் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

யார் அதிகம் கொடுப்பார்கள் என்று பார்க்கப் பொருளாதார ஆய்வாளர்கள் ஓர் எளிய சோதனை வைத்திருக்கிறார்கள். ஒருவர் கையில் கொஞ்சம் பணம் கொடுத்து, 'முகம் தெரியாத இன்னொருவருக்கு இதில் எவ்வளவு வேண்டுமானாலும் தரலாம், தராமலும் இருக்கலாம்' என்று விட்டுவிடுவார்கள். இப்படிப்பட்ட பல சோதனைகளைச் சேர்த்து 2021-இல் ஒரு தொகுப்பு ஆய்வு வந்தது. பெண்கள் கூடுதலாகக் கொடுக்கிறார்கள் என்பது உண்மைதான். எவ்வளவு கூடுதல்? கையிலிருக்கும் தொகையில் சராசரியாக 4 சதவீதப் புள்ளிகள். நூறு ரூபாய்க்கு நான்கு ரூபாய். கொடுக்கும் பெண்களின் எண்ணிக்கை ஆண்களைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல் இருப்பதை இந்த நான்கு ரூபாயை வைத்து விளக்கிவிட முடியாது.

அடுத்தது, உதவி என்பது ஒரே வகை இல்லை. ஆலிஸ் ஈக்லி என்ற அமெரிக்க உளவியலாளர் 1986-இல் மோரீன் குரோலியுடன் சேர்ந்து அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, ஆண்களே அதிகம் உதவுவதாகத் தெரிந்தது. காரணம், அந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை தெருவில் முன்பின் தெரியாதவருக்குச் சில நிமிடங்கள் கைகொடுப்பதைப் பற்றியவை. ஆபத்து இருந்து, நாலு பேர் பார்த்துக்கொண்டும் இருந்தால் ஆண்கள் முன்னே வருகிறார்கள். நோயாளியை வருஷக்கணக்கில் பார்த்துக்கொள்வது அந்தக் கணக்கில் வரவே இல்லை. 2004-இல் ஈக்லியும் செல்வின் பெக்கரும் இன்னொரு ஒப்பீடு செய்தார்கள். அமெரிக்காவில் பிறர் உயிரைக் காக்கத் தன் உயிரைப் பணயம் வைத்தவர்களுக்கு 1904 முதல் கார்னகி வீரப் பதக்கம் தருகிறார்கள். அதைப் பெற்றவர்களில் பெண்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை. ஆனால் உயிரோடு சிறுநீரகம் கொடுத்தவர்களில் பெண்களே அதிகம். நாஜிகளிடமிருந்து யூதர்களை ஒளித்துவைத்துக் காப்பாற்றியவர்களிலும் பெண்கள் ஆண்களுக்குக் குறைந்தவர்களாக இல்லை. துணிச்சல் இரு பக்கமும் இருக்கிறது. அது எந்த இடத்தில் வெளிப்படுகிறது, யார் பார்க்கிறார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

எனக்கு மிக முக்கியமாகப் படுவது 2017-இல் லிண்டா பேப்காக், லீஸ் வெஸ்டர்லண்ட் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு. மூன்று மூன்று பேராக உட்காரவைத்தார்கள். இரண்டு நிமிடத்துக்குள் யாராவது ஒருவர் பட்டனை அழுத்தினால் மூவருக்கும் லாபம், ஆனால் அழுத்தியவருக்கு மட்டும் லாபம் குறைவு. கலப்புக் குழுக்களில் ஆண்களைவிடப் பெண்கள் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு அதிகமாக அழுத்தினார்கள். பிறகு ஆண்களை மட்டும் ஒரு குழுவாக, பெண்களை மட்டும் ஒரு குழுவாக உட்காரவைத்தார்கள். வித்தியாசம் மறைந்துபோனது. பெண் இல்லாத இடத்தில் ஆண்களே அழுத்தினார்கள். இன்னொரு சுற்றில், 'நீங்கள் அழுத்துங்கள்' என்று குழுவில் ஒருவரைக் கேட்கும் உரிமையை வேறொருவருக்குக் கொடுத்தபோது, கேட்டவர் ஆணானாலும் பெண்ணானாலும் வேண்டுகோள் பெண்களிடமே அதிகம் போனது.

ஆக, அந்தப் பட்டனை அழுத்தவைத்ததில் பெண்ணின் இரக்க குணத்துக்கு இருக்கும் பங்கைவிட, 'அவள் செய்துவிடுவாள்' என்று எல்லோரும் நம்பியதற்கு இருக்கும் பங்கு பெரிது. நம் வீட்டுக் கூடத்திலும் இதுவேதான் நடக்கிறது.

மருத்துவக் காரணம் எதுவும் இல்லையா?

இருக்கிறது, மறைக்க வேண்டியதில்லை. உயர் ரத்த அழுத்தம், புகை, குடி போன்றவற்றால் தகுதி இழக்கும் ஆண்கள் கணிசம். சிறுநீரக நோய் முற்றிப்போவதும் ஆண்களிடம் வேகமாக நடக்கிறது. அதனால் மாற்று தேவைப்படுவோரில் ஆண்கள் ஓரளவு கூடுதலாக இருப்பது எதிர்பார்க்கக்கூடியதே.

கர்ப்பமும் ஒரு காரணம். குழந்தை பெறும்போது, குழந்தை வழியாக வரும் தந்தையின் திசுக்கூறுகளுக்கு எதிராகத் தாயின் உடலில் ஆன்டிபாடிகள், அதாவது அந்நியமானதைத் தாக்கும் எதிர்ப்புப் புரதங்கள், உருவாகலாம். அப்படி உருவாகியிருந்தால் கணவரின் சிறுநீரகத்தை மனைவியின் உடல் நிராகரிக்கும் வாய்ப்பு கூடும், இருவர் ரத்தத்தையும் சேர்த்துப் பார்க்கும் கிராஸ்மேட்ச் பரிசோதனையிலேயே பொருந்தாமல் போகலாம். மனைவி கணவருக்குக் கொடுக்கும்போது இந்தத் தடை இல்லை.

இவை எல்லாவற்றையும் கழித்த பிறகும் இடைவெளி பெரிதாகவே நிற்கிறது. அப்பா, அண்ணன், தம்பி, மகன் என்று கொடுக்கத் தகுதியுள்ள ஆண்கள் பல குடும்பங்களில் இருக்கிறார்கள். அவர்களில் பலர் முதல் ரத்தப் பரிசோதனை வரைகூட வருவதில்லை.

அப்படியானால் வீட்டில் என்னதான் நடக்கிறது?

ஒவ்வொருவராகக் கழித்துக்கொண்டே வருகிறார்கள். மகன் வேண்டாம், அவன் வாழ வேண்டியவன், சம்பாதிக்க வேண்டியவன். கல்யாணம் ஆகாத மகள் வேண்டாம், வயிற்றில் தழும்போடு நாளைக்கு எப்படிக் கட்டிக்கொடுப்பது? கல்யாணம் ஆன மகளிடம் கேட்டால் மாப்பிள்ளை வீட்டில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். தம்பிக்கு அவன் மனைவி விடமாட்டாள். கடைசியில் மிஞ்சுவது மனைவி அல்லது அம்மா. 'அவ வீட்டுலதானே இருக்கா' என்ற ஒரு வரியில் பேச்சு முடிந்துவிடுகிறது.

அந்த 'வீட்டுலதானே' என்பதற்குள் எவ்வளவு வேலை இருக்கிறது என்று பாருங்கள். 2024-இன் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடம் செலவிடுகிறார்கள், ஆண்கள் 88 நிமிடம். சம்பளம் வராத வேலை என்பதால், அது நின்றுபோனால் வரும் நஷ்டம் குடும்பக் கணக்கில் ஏறுவதே இல்லை.

அப்புறம் தாலி. 'உன் தாலியை நீதாம்மா காப்பாத்திக்கணும்' என்று ஒரு மனைவியிடம் சொன்ன பிறகு, அவர் சொல்லும் 'சரி' எப்படிப்பட்ட சரி? கணவர் போய்விட்டால் வருமானம் போகும், மரியாதை போகும், சில வீடுகளில் இருக்க இடமும் போகும். அன்பு இதில் இல்லை என்று நான் சொல்லவில்லை. மனதாரக் கொடுக்கும் மனைவிகள் நிறையப் பேர், அந்தக் கொடையின் பெருமையில் ஒரு துளியும் குறைக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் அன்பும் பயமும் ஒன்றாகக் கலந்திருக்கும்போது, அன்பை மட்டும் எடுத்துப் பாராட்டிவிட்டுப் போவது அவருக்குச் செய்யும் நியாயம் ஆகாது.

பெண்ணுக்கே சிறுநீரகம் பழுதானால்?

முதலில் நோய் தெரியவே தாமதமாகிறது. கால் வீக்கத்தையும் களைப்பையும் பொறுத்துக்கொண்டே வேலை பார்ப்பார். தெரிந்த பிறகு டயாலிசிஸுக்கு வாரம் இரண்டு மூன்று முறை யார் கூட்டிப்போவது, செலவை யார் ஏற்பது என்ற பேச்சு. 'பொறந்த வீட்டுல கேட்டுப் பாரு' என்று சொல்லும் வீடுகள் உண்டு. அங்கே கேட்டால், கட்டிக்கொடுத்த பிறகு அது புகுந்த வீட்டுப் பொறுப்பு. இடையில் சிக்கியவர், 'எனக்காக யாரும் உடம்பைக் கெடுத்துக்க வேணாம்' என்று தானே சொல்லிவிடுகிறார். பெற்ற பிள்ளையிடமிருந்து வாங்க ஒத்துக்கொள்ளாத அம்மாக்கள் ஏராளம். அந்த மறுப்பைத் தியாகம் என்று மெச்சி அப்படியே விட்டுவிடாதீர்கள். பரிசோதனைக்கு நாள் குறித்துவிட்டுத் திரும்பப் பேசுங்கள்.

பணத்துக்காக விற்கும்போது ஆண்கள்தானே அதிகம் வருவார்கள்?

ஈரானில் அப்படித்தான். 1988 முதல் அரசின் மேற்பார்வையில் பணம் கொடுத்துச் சிறுநீரகம் பெறும் முறை அங்கே இருக்கிறது. விற்பவர்களில் பெரும்பான்மை ஆண்கள். குடும்பத்துக்குச் சம்பாதித்துப் போட வேண்டியவர் ஆண் என்பதால் அவரே விற்கிறார்.

சென்னையில் அப்படியே எதிர்மாறு. 1994-இல் சட்டம் வந்து விற்பனை குற்றமான பிறகும் விற்பனை நிற்கவில்லை. ஏற்கனவே சிறுநீரகம் விற்றிருந்த 305 பேரை 2001-இல் சென்னையில் சந்தித்துச் செய்த ஆய்வு, அடுத்த ஆண்டு அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வந்தது. விற்றவர்களில் பத்துக்கு ஏழு பேர் பெண்கள். ஏறக்குறைய எல்லோருமே கடனை அடைக்க விற்றவர்கள். ஏன் கணவர் விற்கவில்லை என்று கேட்டதற்கு அதிகம் வந்த விடைகள் இரண்டு: அவர் சம்பாதிக்கிறவர், அல்லது அவருக்கு உடம்பு சரியில்லை. விற்ற பிறகு குடும்ப வருமானம் சராசரியாக மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. பெரும்பாலானவர்களின் கடனும் தீரவில்லை.

சம்பாதிக்கிறவர் என்பதால் அங்கே ஆண் விற்கிறார். சம்பாதிக்கிறவர் என்பதாலேயே இங்கே ஆணை விட்டுவிட்டுப் பெண்ணை அனுப்புகிறார்கள். பெண்ணின் இயல்பு இது, ஆணின் இயல்பு இது என்று பேசுவோர் இந்த இரண்டு ஊர்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

கொடுப்பவர் மனதார ஒத்துக்கொண்டாரா என்று சட்டம் பார்க்கிறதா?

பார்க்கச் சொல்கிறது. மனித உறுப்பு மாற்றுச் சட்டத்தின் கீழ் 2014-இல் வந்த விதிகளில், கொடுப்பவர் பெண் என்றால் கூடுதல் கவனம் வேண்டும், அவர் யார் என்பதையும் அவருடைய சுதந்திரமான சம்மதத்தையும் உறுப்பைப் பெறுபவர் அல்லாத வேறொருவர் உறுதிப்படுத்த வேண்டும் என்று தனியாகவே எழுதியிருக்கிறது. இப்படி ஒரு விதியை எழுத வேண்டியிருந்தது என்பதிலேயே நிலைமை விளங்கும்.

ஆனால் நடைமுறையில் அந்த 'வேறொருவர்' மாமியாராகவோ கொழுந்தனாராகவோ இருந்தால் என்ன பயன்? கொடுப்பவரைத் தனி அறையில், வீட்டார் யாரும் இல்லாமல், அவருக்குப் புரியும் மொழியில், ஒரு தடவைக்கு மேல் பேசவைக்க வேண்டும். மருத்துவமனையில் அப்படிச் செய்யவில்லை என்றால் கேட்டுப் பெறுங்கள்.

எனக்குக் கொடுக்கப் பயமாக இருக்கிறது. வீட்டில் சொல்ல முடியவில்லை. என்ன செய்வது?

மருத்துவமனையின் உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளரிடமோ சிறுநீரக மருத்துவரிடமோ தனியாகப் பேச வேண்டும் என்று சொல்லுங்கள். அறுவைக்கு முன் எந்த நிமிடத்திலும் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். கையெழுத்துப் போட்டுவிட்டோமே என்று தயங்க வேண்டாம், அந்தப் படிவத்திலேயே இந்த உரிமை எழுதியிருக்கிறது. காரணத்தை வீட்டாரிடம் விளக்காமல், 'இவர் கொடுக்கத் தகுதியானவர் இல்லை' என்று மட்டும் மருத்துவக் குழு சொல்லிவிடுவது பல இடங்களில் உள்ள வழக்கம். அப்படிச் சொல்லுமாறு நீங்கள் கேட்கலாம். பயப்படுவது பாசம் இல்லாததால் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

கொடுப்பவருக்கு எவ்வளவு ஆபத்து?

நன்றாகப் பரிசோதித்துத் தேர்ந்தெடுக்கப்பட்டவருக்கு ஆபத்து குறைவு. அமெரிக்கக் கணக்கில், கொடுத்தவர் அறுவையை ஒட்டி இறப்பது முன்பு பத்தாயிரத்துக்கு மூன்று என்று இருந்தது, அண்மைக் காலத்தில் ஒன்றுக்கும் கீழே வந்திருக்கிறது. மீதமுள்ள ஒரு சிறுநீரகத்தோடு முழு ஆயுளும் வாழலாம்.

இனிமேல் குழந்தை பெற நினைக்கும் பெண்களுக்கு மட்டும் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். கனடாவில் நடந்து 2015-இல் வெளியான ஆய்வில், சிறுநீரகம் கொடுத்த பெண்களுக்குக் கர்ப்பகாலத்தில் ரத்த அழுத்தம் கூடுவதும் அதன் தீவிர வடிவங்களும் 11 சதவீதம் பேருக்கு வந்தன. கொடுக்காத பெண்களில் அது 5 சதவீதம். பெரும்பாலோருக்குப் பிரசவம் நல்லபடியாகவே முடிந்தது. ஆனாலும் இதைச் சொல்லாமல் இருபத்தைந்து வயதுப் பெண்ணிடம் கையெழுத்து வாங்குவது தவறு.

வீட்டு ஆண்கள் என்ன செய்யலாம்?

எல்லோரும் ஒரே நாளில் போய் ரத்தப் பரிசோதனை கொடுக்கலாம். யாரைக் கேட்பது என்ற கூட்டம் நடப்பதற்கு முன்பே இது நடக்க வேண்டும். கணவன் மனைவி, பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர், தாத்தா பாட்டி, பேரப் பிள்ளைகள் ஆகியோர் சட்டப்படி நெருங்கிய உறவினர்கள். மைத்துனர் போன்றவர்கள், இதற்கெனச் சட்டப்படி அமைந்த அங்கீகாரக் குழுவின் அனுமதியோடு கொடுக்கலாம்.

பொருந்தவில்லை என்றால் அதோடு கைகழுவிவிட வேண்டாம். 2011 திருத்தத்துக்குப் பிறகு பரிமாற்றத்துக்கு வழி இருக்கிறது. உங்கள் மனைவிக்கு உங்கள் சிறுநீரகம் பொருந்தாது, இன்னொரு குடும்பத்திலும் அதே நிலை, ஆனால் குறுக்காகப் பொருந்துகிறது என்றால் மாற்றிக் கொடுத்துக்கொள்ளலாம். கர்ப்பத்தால் வந்த ஆன்டிபாடி தடையாக நிற்கும் பெண்களுக்கு இது பெரிய உதவி. 'நான் தரத் தயார்தான், பொருந்தல' என்று சொல்லி நிறுத்திக்கொள்ளும் கணவர்கள் இதைக் கேட்டறிய வேண்டும்.

மூளைச்சாவுக்குப் பிறகு உறுப்பு கொடுப்பவர்களில் ஆண்கள் அதிகம் என்கிறார்களே?

ஆம். 2023-இல் அப்படிக் கொடுத்த 1,099 பேரில் 844 பேர் ஆண்கள், 255 பேர் பெண்கள். நம் சாலை விபத்துகளில் தலையில் அடிபடுபவர்களில் ஆண்கள் அதிகம் என்பது இதற்கு முக்கியமான காரணம். அந்த நேரத்தில் ஐசியூ வாசலில் நின்று சம்மதம் சொல்ல வேண்டியிருப்பவர்களில் மனைவிகளும் அம்மாக்களும் உண்டு. அதுவும் ஒரு கொடைதான், யாரும் எண்ணிக்கையில் சேர்க்காத கொடை.

தமிழ்நாடு இதில் மற்ற மாநிலங்களுக்கு வழிகாட்டிய மாநிலம். 2008-இல் விபத்தில் மூளைச்சாவு அடைந்த சிறுவன் ஹிதேந்திரனின் உறுப்புகளைக் கொடுக்க அவன் பெற்றோர் எடுத்த முடிவு ஊரையே அசைத்தது. அதே ஆண்டு தொடங்கிய அரசுத் திட்டம் இன்று உறுப்பு மாற்று ஆணையமாக வளர்ந்திருக்கிறது. 2024-இல் 268 பேரின் உறுப்புகள் இங்கே தானமாகக் கிடைத்தன. 2023 செப்டம்பர் முதல் இப்படிக் கொடுப்பவர்களுக்கு அரசு மரியாதையோடு இறுதிச் சடங்கு நடக்கிறது. மிக நல்ல முடிவு. மூளைச்சாவுக் கொடை கூடக் கூட, வீட்டுப் பெண்ணின் வயிற்றைத் திறக்க வேண்டிய தேவை குறையும். இந்த ஏற்றத்தாழ்வுக்கு எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த மருந்து இதுதான்.

பெண் நோயாளிகளுக்கு முன்னுரிமை தருவது ஆண்களுக்கு அநியாயம் இல்லையா?

தேசிய உறுப்பு மற்றும் திசு மாற்று அமைப்பு 2025 ஆகஸ்டில் மாநிலங்களுக்கு அனுப்பிய அறிவுரையில், மூளைச்சாவு அடைந்தவர்களின் உறுப்புக்காகக் காத்திருப்போர் பட்டியலில் உள்ள பெண்களுக்கும், ஏற்கனவே உறுப்பு தானம் செய்து இறந்தவர்களின் நெருங்கிய உறவினர்களுக்கும் முன்னுரிமை தரச் சொன்னது. எனக்கு இது நியாயமாகவே படுகிறது. ஓர் ஆண் நோயாளிக்கு வீட்டிலேயே கொடுக்க ஆள் கிடைக்கும் வாய்ப்பு அதிகம், பல பெண்களுக்கு அந்தப் பட்டியலை விட்டால் வேறு கதி இல்லை. அதே சமயம், பட்டியலில் பெயர் ஏறினால்தானே முன்னுரிமை? நோயாளிப் பெண்ணை அங்கே கூட்டிப்போய்ப் பதிவு செய்யவைக்க வேண்டியது வீட்டார்.

கொடுத்த பிறகு அவரை எப்படிக் கவனிப்பது?

இப்போது பெரும்பாலும் சிறு துளைகள் வழியாகச் செய்யும் லேப்ராஸ்கோப்பி முறையில் எடுப்பதால் சில நாட்களில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஆனால் சுமார் ஆறு வாரம் கனம் தூக்கக் கூடாது. தண்ணீர்க் குடம், சிலிண்டர், மாவுப் பாத்திரம் எதையும். மத்திய அரசு ஊழியர் உறுப்பு கொடுத்தால் 42 நாள் வரை சிறப்பு விடுப்பு உண்டு, 2023-இல் ஆணை வந்தது. வீட்டிலிருக்கும் பெண்ணுக்கு அந்த விடுப்பைக் குடும்பம்தான் கொடுக்க வேண்டும். சமையலுக்கும் நோயாளியைப் பார்த்துக்கொள்ளவும் வேறு ஆளை அறுவைக்கு முன்பே ஏற்பாடு செய்துவிடுங்கள். இல்லாவிட்டால் தையல் பிரிப்பதற்கு முன்பே அவர் அடுப்படிக்குப் போய்விடுவார்.

அதற்குப் பிறகு ஆண்டுக்கு ஒருமுறை ரத்த அழுத்தம், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தத்தின் கிரியாட்டினின் அளவு, சிறுநீரில் புரதம் ஆகிய மூன்றையும் ஆயுள் முழுக்கப் பார்க்க வேண்டும். வலி மாத்திரைகளைத் தானாகக் கடையில் வாங்கிப் போடக் கூடாது. வாங்கியவர் மாதாமாதம் மருத்துவமனைக்குப் போவார், கொடுத்தவர் துணைக்குப் போய் வெளியே உட்கார்ந்திருப்பார். அவர் பெயரிலும் ஒரு ஃபைல் போட்டு, ஆண்டில் ஒருநாள் அதே இடத்தில் அவருக்கும் டோக்கன் எடுங்கள்.